கண்ணாடியில் செருகிய சீட்டு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சிறிய தாளைப் பற்றி. உள்ளங்கை அகலந்தான் இருக்கும். மழை பெய்தால் நனைந்துவிடும், காற்றடித்தால் பறந்துவிடும். ஆனால் அதைப் படிக்காமல் விட்டுவிட்டால், நீதிமன்ற அழைப்பாக மாறி நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும். வண்டி நிறுத்தும் கட்டணம் செலுத்தாததற்காகக் கார் கண்ணாடியில் செருகி வைக்கிறார்களே, அந்தச் சீட்டைத்தான் சொல்கிறோம்.

இதற்கு ஒரு வானொலிப் பேச்சு வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். வேண்டும். ஏனென்றால், இந்தச் சீட்டினால் தொல்லைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பணம் இல்லாதவர்கள் அல்லர். அந்தத் தாள் என்ன சொல்கிறது என்று தெரியாமல் இருந்துவிட்டவர்கள். தெரிந்திருந்தால் சில வெள்ளிகளோடு முடிந்திருக்கும்.

ஒரு காட்சியை மனத்தில் வரைந்து பார்ப்போம். சம்பளம் கிடைத்த சனிக்கிழமை. பாடாங் ரெங்காஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் பழைய கஞ்சில் காரில் கோலா கங்சாருக்கு வருகிறது. பாட்டிக்கு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக் காலணி வாங்க வேண்டும். மளிகைச் சாமானும் வாங்க வேண்டும். கடை வரிசைக்கு முன்னால், கோடு போட்ட பெட்டியில் காரை நிறுத்துகிறார்கள். "பத்து நிமிஷந்தானே" என்று இறங்கிப் போகிறார்கள். பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகிறது. திரும்பி வந்தால் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் ஒரு தாள்.

"அம்மா, இது என்ன பேப்பர்?" என்கிறான் மகன்.

"உள்ளே வைப்பா. வீட்டுக்குப் போயி அப்பாகிட்டே காட்டலாம்."

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாள் சாமி படத்துக்குப் பின்னால் போகிறது. மின்சாரக் கட்டணச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பள்ளிக் கடிதம் எல்லாவற்றோடும் அதுவும் சேர்ந்துவிடுகிறது. பிறகு அதை யாரும் தேடுவதில்லை. நேயர்களே, நிலுவை என்பது பிறக்கும் இடம் இதுதான்.

முதலில், வண்டி நிறுத்துவதற்கு எதற்காகக் கட்டணம் என்று பார்ப்போம். இந்தப் பழக்கம் அமெரிக்காவில் ஒக்லகோமா நகரில் தொடங்கியது. அந்நகரின் கடைத்தெருவில் வேலை செய்தவர்கள் காலையில் கொண்டு வந்து நிறுத்தும் கார்கள் மாலை வரை அசையமாட்டா. சாமான் வாங்க வருகிறவர்களுக்கு இடம் கிடைக்காது. கடைக்காரர்கள் முறையிட்டார்கள். 1935-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அங்கே காசு போடும் கருவியைத் தெருவோரத்தில் நட்டார்கள். ஒரு மணி நேரத்திற்கு ஐந்து சென்ட். உடனே கார்கள் மாறி மாறி வந்து போகத் தொடங்கின. ஆக, கட்டணத்தின் முதல் நோக்கம் ஒருவர் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் பலருக்கும் பங்கு கிடைக்கச் செய்வதே. தோட்டத்தில் ஒரே தண்ணீர்க் குழாய்க்கு வரிசையில் நின்ற நமக்கு இது புரியாத விஷயமல்ல. ஒரு வீட்டார் குழாயடியில் துணி துவைக்க உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் குடத்தோடு நிற்க வேண்டியதுதான்.

நம் நாட்டில் காசு போடும் கருவி வந்தது. பிறகு சுரண்டிப் பயன்படுத்தும் கூப்பன் வந்தது. இப்போது பேராக் மாநிலத்தில் பார்க் அட் பேராக் என்னும் கைப்பேசிச் செயலியின் வழியாகவும் கட்டணம் செலுத்தலாம். முறைகள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். பொது இடத்தைச் சிறிது நேரம் நமக்கென்று எடுத்துக்கொள்கிறோம். அதற்கு ஒரு சிறு தொகை கொடுக்கிறோம்.

இனி அந்தச் சீட்டுக்கு வருவோம். நம்மவர்கள் எல்லாவற்றையும் 'சம்மன்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். "சம்மன் வச்சிட்டான்" என்கிறோம். உண்மையில் கண்ணாடியில் செருகப்படுவது சம்மன் அல்ல. அதை மலாயில் 'கொம்பவுன்' என்பார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

கொம்பவுன் என்பது ஒரு சமரசம். "நீங்கள் விதியை மீறியிருப்பதாகத் தெரிகிறது. இந்தத் தொகையை இந்தத் தேதிக்குள் செலுத்திவிட்டால் விவகாரம் இத்தோடு முடிந்தது, வழக்குக்குப் போகமாட்டோம்" என்று நகராண்மைக் கழகம் நமக்கு எழுதும் கடிதம் அது. பெரும்பாலும் சீக்கிரம் கட்டினால் குறைந்த தொகை, தாமதித்தால் கூடிய தொகை என்று அந்தச் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். அதில் வண்டி எண், இடம், தேதி, நேரம், குற்றம் என்ன என்பதும் இருக்கும்.

சம்மன் என்பது அடுத்த படி. குறித்த தேதிக்குள் பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை என்றால் கழகம் வழக்குத் தொடரலாம். அப்போது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து, "இந்த நாளில், இந்த நேரத்தில் நேரில் வரவும்" என்று அழைப்பு வரும். அதுதான் உண்மையான சம்மன். நீதிமன்றத்திற்குப் போனால் சமரசத் தொகை என்ற பேச்சு முடிந்துவிடுகிறது. நீதிபதி விதிப்பதுதான் அபராதம். அது கூடுதலாக இருக்கலாம்.

மூன்றாவது படி கைதாணை. முறைப்படி அழைப்புக் கிடைத்தும் ஒருவர் நீதிமன்றத்திற்கு வராவிட்டால், அவரைப் பிடித்துக் கொண்டுவர ஆணை பிறப்பிக்கப்படலாம். இங்கே நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். சில வெள்ளி கட்டாததற்காக எடுத்த எடுப்பில் யாரும் கைது செய்ய வருவதில்லை. நீதிமன்றம் கூப்பிட்டும் போகாமல் இருந்ததுதான் அங்கே பெரிய குற்றமாகிவிடுகிறது. நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டும்படி விட்டுவிடுகிறோம்.

இந்தச் சீட்டுகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகரின் நிறுத்துமிடக் கட்டணத்திற்கான சீட்டு நகராண்மைக் கழகத்துடையது. சாலையை மறித்து நிறுத்துவது, வேகமாக ஓட்டுவது, சிவப்பு விளக்கை மீறுவது முதலியவற்றுக்குக் காவல் துறையோ சாலைப் போக்குவரத்து இலாகாவோ குற்றப்பதிவு கொடுக்கும். பணத்தைக் கட்டப் போகுமுன் சீட்டின் தலைப்பைப் பார்க்க வேண்டும். காவல் நிலையத்திற்குப் போய்க் கழகத்தின் சீட்டைக் காட்டினால் ஒரு நாள் வேலைதான் வீணாகும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். அதை நாமே எழுப்பிவிடுவோம். "தோட்டத்து லயத்துக்குக் கழகத்தின் குப்பை வண்டி வந்ததுண்டா? தெருவிளக்குப் போட்டதுண்டா? தோட்டம் தனியார் நிலம், நிர்வாகத்தைக் கேள் என்றுதானே சொன்னார்கள்? அப்படியிருக்க, கழகத்துக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?"

இந்தக் கேள்வியில் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டோம். தோட்ட மக்கள் பல காலம் ஊராட்சியின் கைக்கு எட்டாத இடத்திலேயே வாழ்ந்தார்கள். அந்தக் குறை பேசப்பட வேண்டியதே. ஆயினும் நிறுத்துமிடக் கட்டணம் லயத்துக்காகக் கேட்கப்படுவதல்ல. நாம் பட்டணத்துக்கு வந்து பயன்படுத்தும் இடத்துக்காகக் கேட்கப்படுவது. அந்தக் கோடு போட்ட பெட்டியும், அதன் அருகில் ஓடும் சாக்கடையும், சந்தையின் துப்புரவும் கழகத்தின் பொறுப்பில் உள்ளவை. அங்கே நாமும் நடக்கிறோம். நம் பிள்ளைகளும் நடக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்வோம். கோலா கங்சார் நமக்கு அந்நிய ஊரல்ல. 1877-ஆம் ஆண்டில் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ ரப்பர் கன்றுகளை நட்டது இங்கேதான். நம் பாட்டன், பாட்டிமார் விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டிய வாழ்க்கையின் முதல் வேர் இந்த ஊர் மண்ணில் இருக்கிறது. இந்த நகரத்தில் நமக்குப் பங்கு உண்டு என்று சொல்லும்போது, கடமையிலும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம். கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டவர் கழகத்தின் முகப்பில் நின்று, "எங்கள் பக்கத்துச் சாக்கடை ஏன் அடைத்துக் கிடக்கிறது?" என்று தலைநிமிர்ந்து கேட்கலாம்.

சரி, கட்ட மனம் இருந்தும் நிலுவை ஏன் சேர்கிறது? நம் குடும்பங்களில் காணும் காரணங்கள் மூன்று.

முதலாவது காரணம் விலாசம். தோட்டத்தில் கடிதங்கள் அலுவலகத்திற்கு வரும். கிராணி பெயரைப் பார்த்துக் கொடுத்தனுப்புவார். "இன்னாருக்குக் கடுதாசி வந்திருக்கு" என்று பிரட்டுக்களத்திலேயே சொல்லிவிடுவார்கள். பிறகு பல தோட்டங்கள் விற்கப்பட்டன; ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது; சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. மக்கள் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். ஆனால் வண்டியின் பதிவில் மட்டும் பழைய தோட்டத்தின் பெயரே இருந்துவிட்டது. கழகம் அனுப்பும் நினைவுக் கடிதம் அந்த விலாசத்தைத் தேடிப் போகிறது. அங்கே அலுவலகமும் இல்லை, கிராணியும் இல்லை. கடிதம் எங்கேயோ கிடக்கிறது. "எங்களுக்கு ஒரு தகவலும் வரவில்லையே" என்று நாம் சொல்கிறோம். "அனுப்பினோமே" என்று அவர்கள் சொல்கிறார்கள். இரண்டும் உண்மைதான்.

இரண்டாவது காரணம் பெயர். பெரியப்பா பெயரில் பதிவான காரைத் தம்பி மகன் ஓட்டுகிறான். கார் விற்று மூன்று ஆண்டாகிவிட்டது, பெயர் மாற்றவில்லை. அல்லது அப்பா காலமாகிவிட்டார்; கார் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. சீட்டைச் செருகும் ஊழியருக்கு ஓட்டியவர் யார் என்று தெரியாது. வண்டி எண்தான் தெரியும். அந்த எண்ணுக்குரிய பெயர் எதுவோ அந்தப் பெயருக்கே கடிதம் போகும். இப்படி, ஓட்டியவன் ஒருவன். பெயர் கெடுவது இன்னொருவருக்கு. வேலை ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் ஒரு முதியவர், தாம் கண்ணால் பார்க்காத சீட்டுக்காக நீதிமன்றத்தில் நிற்பது நியாயமா? உறவுக்குள் உதவி என்று காரைக் கொடுத்தவருக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவாக இருக்கக் கூடாது.

மூன்றாவது காரணம், "தள்ளுபடி வரும், பிறகு பார்க்கலாம்" என்னும் எண்ணம். நம் நாட்டில் அவ்வப்போது நிலுவை அபராதங்களுக்குக் கழிவு கொடுக்கப்படுவது உண்மையே. அதனால் உடனே கட்டியவர் ஏமாளி, காத்திருந்தவர் கெட்டிக்காரர் என்ற ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரி என்பதற்கு மற்ற நாடுகளின் அனுபவத்தைப் பார்ப்போம்.

இந்தியாவில் பெங்களூரு நகரில் போக்குவரத்து அபராத நிலுவை மலைபோல் குவிந்திருந்தது. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், சில நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும் என்று கர்நாடக அரசு அறிவித்தது. மக்கள் வரிசையில் நின்று கட்டினார்கள். அந்தச் சில நாட்களில் 100 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாயிற்று. பெரிய வெற்றிதான். ஆனால் அதே ஆண்டில் மறுபடியும் சலுகை கொடுக்க வேண்டியிருந்தது. ஒருமுறை கழிவு கொடுத்தால் அடுத்த கழிவுக்காகக் காத்திருப்பது மனித இயல்பு. வசூலிப்பவர் கடைசியில் கழிவு கொடுத்தால், கட்டுபவர் கடைசி வரை காத்திருப்பார்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் இன்னொரு வேடிக்கை நடந்தது. அங்கே ஐக்கிய நாடுகள் சபைக்கு வந்துள்ள பல நாட்டுத் தூதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மீது வழக்குப் போட முடியாது. தூதர்களுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. 1997-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2002-ஆம் ஆண்டு வரை, தூதர்கள் கட்டாமல் விட்ட நிறுத்துமிடச் சீட்டுகள் 150,000-க்கு மேல். தொகையோ ஒரு கோடியே 80 இலட்சம் டாலருக்கு மேல். படித்தவர்கள், வசதியுள்ளவர்கள், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள்! ஆகவே, கட்டாமல் விடுவது ஏழையின் குணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் நார்வே, சுவீடன், ஜப்பான் ஆகிய நாடுகளின் தூதர்கள் ஒரு சீட்டைக்கூட நிலுவையாக வைக்கவில்லை. அவர்களையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாதுதான். சொந்த ஊரில் பழகிய பழக்கம் வெளியூரிலும் கூடவே வந்தது.

பிறகு 2002-ஆம் ஆண்டில், கட்டாமல் விடுகிற தூதர்களின் வண்டிக்குரிய தூதரக எண் பலகையைப் பறிக்கும் உரிமை நகரத்துக்குக் கிடைத்தது. நிலுவை ஏறக்குறைய முழுவதுமாக, 98 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. அதே மனிதர்கள், அதே தெரு, மாறியது ஒன்றே. கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பது உறுதியாகத் தெரிந்துவிட்டது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். காவல் துறை, சாலைப் போக்குவரத்து இலாகா ஆகிய இரண்டின் குற்றப்பதிவுகளுக்கு, 2026-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒரு புது முறை நடைமுறைக்கு வந்தது. 15 நாட்களுக்குள் கட்டினால் 50 விழுக்காடு கழிவு. 16-ஆம் நாள் முதல் 30-ஆம் நாள் வரை 33 விழுக்காடு கழிவு. அதற்குப் பிறகு முழுத் தொகை. 60 நாட்கள் கடந்தும் கட்டாவிட்டால் நீதிமன்றம். பெங்களூரில் கழிவு கடைசியில் வந்தது; இங்கே முதலிலேயே வருகிறது. காத்திருந்தவர் இலாபம் அடைந்த காலம் போய், முந்திக்கொண்டவர் இலாபம் அடையும்படி முறை திருப்பி அமைக்கப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த நாள் கணக்கு நகராண்மைக் கழகத்தின் நிறுத்துமிடச் சீட்டுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. கழகச் சீட்டில் அச்சிட்டிருக்கும் தேதியும் தொகையுமே அதற்குரிய கணக்கு.

"சீட்டே தவறு என்றால் என்ன செய்வது?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1960-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இலண்டன் நகரில் முதன்முதலாகப் போக்குவரத்துக் காவலர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் செருகிய முதல் சீட்டே ஒரு மருத்துவரின் காருக்கு வந்தது. மாரடைப்பால் துடித்த ஒரு நோயாளியைப் பார்க்க ஓட்டலுக்குள் ஓடியிருந்தார் அவர். அபராதம் இரண்டு பவுன். பொதுமக்கள் கொதித்தார்கள், அந்த அபராதம் தள்ளுபடி செய்யப்பட்டது. தவறு நேர்வது இயற்கை. அதைத் திருத்தக் கேட்பது நம் உரிமை. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "நான் செய்யாத குற்றம்" என்று வீட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தால் கழகத்தின் காதில் விழாது.

ஆகவே, மேல்முறையீடு செய்ய விரும்புகிறவர்கள் சீட்டில் குறித்த தேதி கடக்குமுன் கழகத்தின் அலுவலகத்திற்குப் போக வேண்டும். அல்லது எழுத வேண்டும். சீட்டின் எண், வண்டி எண், நாள், நேரம், காரணம் என்று நான்கு வரி போதும். மருத்துவமனைக்குப் போயிருந்தால் அங்கே கொடுத்த அட்டையின் நகலைச் சேர்க்கலாம். கைப்பேசியில் கட்டணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவைக் காட்டலாம். பலர் தவறுவது இங்கேதான். செயலியில் வண்டி எண்ணைத் தட்டும்போது ஓர் எழுத்தோ எண்ணோ மாறிவிடும். பணம் போய்விடும், ஆனால் நம் வண்டிக்குக் கட்டியதாகாது. பேராக்கில் பதிவான வண்டி எண்கள் பெரும்பாலும் 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்து வரும் எழுத்துகளையும் எண்களையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும். மேல்முறையீட்டுக் கடிதத்தைக் கொடுத்ததும், பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் கட்ட முடியாத அளவுக்கு நிலுவை சேர்ந்துவிட்டவர்களும் இருப்பார்கள். அவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கக் கூடாது. முகப்பில் போய், "மொத்தம் எவ்வளவு இருக்கிறது? எது நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது, எது போகவில்லை? குறைக்க வழி உண்டா?" என்று கேட்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போனதை முதலில் தீர்க்க வேண்டும். அடுத்து, தொகை ஏறப்போகிறதைத் தீர்க்க வேண்டும். மலாய் பேசத் தயங்குகிற பெரியவர்களோடு படித்த பிள்ளை ஒருவர் கூடப் போகலாம்.

இனி, வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் சொல்வோம். பெரிய வேலைகள் அல்ல.

வண்டிக்கென்று ஒரு உறை வையுங்கள். பழைய பிஸ்கட் தகரமாக இருந்தாலும் போதும். கிராண்டு என்று நாம் சொல்லும் பதிவுச் சான்று, காப்புறுதிப் பத்திரம், வந்த சீட்டுகள், கட்டிய ரசீதுகள் எல்லாம் அதற்குள் இருக்கட்டும். கட்டிய ரசீதை எறிந்துவிட வேண்டாம். கட்டியும் நிலுவை என்று காட்டினால், ரசீதுதான் நமக்குச் சாட்சி.

சீட்டு வந்த அன்றே, அதன் மேல் கட்ட வேண்டிய கடைசித் தேதியைப் பேனாவினால் பெரிதாக எழுதி, நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள். யார் ஓட்டினாரோ அவர் பெயரையும் எழுதுங்கள். அண்ணன் தம்பிக்குள் பின்னால் சண்டை வராது.

வீடு மாறியவர்கள் அடையாளக் கார்டில் மட்டுமின்றி, வண்டியின் பதிவிலும் விலாசத்தை மாற்றுங்கள். வண்டி விற்றவர்கள், பணம் கைக்கு வந்த அன்றே பெயர் மாற்றத்தையும் முடித்துவிடுங்கள். "நாளைக்கு மாற்றிக்கொள்கிறேன் அண்ணே" என்று வாங்குகிறவர் சொல்வார். நாளை என்பது வராமலே போகலாம். சீட்டுகள் மட்டும் வந்துகொண்டே இருக்கும். காலமானவரின் பெயரில் வண்டி இருந்தால், மரணச் சான்றிதழோடு சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்து, வாரிசு ஆவணங்களில் எவை வேண்டும் என்று கேட்டு மாற்றிவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை சாலை வரி கட்டப் போகும்போது நிலுவை உண்டா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காவல் துறைக்கும் போக்குவரத்து இலாகாவுக்கும் தீராத நிலுவை இருந்தால், சாலை வரியையோ ஓட்டுநர் உரிமத்தையோ புதுப்பிக்க முடியாதபடி தடை வரக்கூடும். சாலை வரி இல்லாமல் வண்டி ஓட்டினால் அது இன்னொரு குற்றம். வேலைக்குப் போகும் வண்டி நின்றுவிட்டால் அந்த மாதச் சம்பளமே ஆட்டம் கண்டுவிடும். பத்து, இருபது ரிங்கிட் பாக்கி கடைசியில் சோற்றில் கை வைப்பது இப்படித்தான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "உங்களுக்கு அபராத நிலுவை உள்ளது, இந்த இணைப்பைத் தொட்டுப் பணம் கட்டுங்கள்" என்று கைப்பேசிக்குச் செய்தி அனுப்பி, வங்கிப் பணத்தைச் சுருட்டும் கூட்டம் இருக்கிறது. "உங்கள் மேல் கைதாணை இருக்கிறது, இப்போதே பணம் அனுப்பினால் தப்பலாம்" என்று தொலைபேசியில் மிரட்டுகிறவர்களும் உண்டு. செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். முன்பின் தெரியாதவர் சொல்லும் வங்கிக் கணக்கில் பணம் போடாதீர்கள். சந்தேகம் இருந்தால் கழகத்தின் முகப்புக்கோ காவல் நிலையத்துக்கோ நேரில் போய்க் கேளுங்கள். தன் நிலுவை எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவரை ஏமாற்றுவது கடினம். தெரியாமல் பயந்துகொண்டிருப்பவர்தான் எளிதில் சிக்குவார்.

இதுவரை கட்டுகிறவரின் கடமையைச் சொன்னோம். வசூலிப்பவருக்கும் கடமை உண்டு. கோடு அழிந்து, அறிவிப்புப் பலகை மரக்கிளைக்குள் மறைந்து கிடக்கும் இடத்தில் சீட்டுச் செருகினால் மக்களுக்குக் கோபந்தான் வரும். கட்டணம் எங்கே கட்டுவது என்பது கைப்பேசியில் பழகாத முதியவருக்கும் புரிய வேண்டும். கழகத்தின் அறிவிப்புகள் தமிழிலும் ஒரு முறை சொல்லப்பட்டால், சாமி படத்துக்குப் பின்னால் போகும் சீட்டுகள் குறையும். கடிதம் திரும்பி வந்தால், அந்த ஆளை வேறு வழியில் தேடிச் சொல்லும் முயற்சியும் வேண்டும். தூர இடங்களுக்கு மாதம் ஒருமுறை வந்து வசூலிக்கும் ஏற்பாடு இருந்தால், ஒரு நாள் வேலையை இழந்து பட்டணம் போக முடியாதவர்களும் கட்டுவார்கள்.

இதில் நம் சமூகமும் கை கொடுக்கலாம். கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இளைஞர்கள் நான்கு பேர் உட்கார்ந்தால் போதும். பெரியவர்கள் சீட்டுகளைக் கொண்டு வரட்டும். பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும்: இது கழகத்துடையது, இது காவல் துறையுடையது, இதற்குக் கடைசி நாள் இது, இதற்கு மேல்முறையீடு எழுதலாம் என்று. நிலுவை இருக்கிறதா என்று அங்கேயே கைப்பேசியில் பார்த்துக் கொடுக்கலாம். ஆனால் யாருடைய பணத்தையும் கையில் வாங்க வேண்டாம். கட்டுவதை அவரவரே கட்டட்டும். அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கிராணியோ தமிழாசிரியரோ ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள் அல்லவா? அதே தொண்டுதான் இது. காலத்துக்கேற்ப கடிதம் மாறியிருக்கிறது.

நேயர்களே, முடிக்குமுன் அந்தப் பாடாங் ரெங்காஸ் குடும்பத்துக்குத் திரும்பிப் போவோம். அன்று மாலை அந்தச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் போகாமல் மேசைமேல் விரிக்கப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? மகன் படித்துச் சொல்லியிருப்பான். அப்பா சற்று முணுமுணுத்திருப்பார். அடுத்த வாரம் மருந்து வாங்கப் போகும்போது கழகத்தில் பணம் கட்டி ரசீது வாங்கி வந்திருப்பார்கள். கார் யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெரியப்பா நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, சாமி படத்துக்குப் பின்னாலும் காரின் பெட்டிக்குள்ளும் ஒருமுறை கை விட்டுப் பாருங்கள். ஏதாவது தாள் இருந்தால் வெளியே எடுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, "இதைப் படிச்சுச் சொல்லுப்பா" என்று கேளுங்கள். மற்றது தானே நடக்கும்.